தினமும் இரவு 85 லட்சம் ரெக்கார்டைக் காலி செய்கிறேன்: போஸ்ட்கிரெஸ் ட்ரங்கேட் பற்றி

மதுரையில் ஆறு பேர் வேலை பார்க்கும் சின்ன சாஃப்ட்வேர் அலுவலகம் எங்களுடையது. மருந்து மொத்த வியாபாரிகளுக்கு ஸ்டாக், பில்லிங் இரண்டுக்கும் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவரிடம் 63 மருந்துக் கடைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கடையும் இரவில் கடைசி 90 நாள் விற்பனையை முழுசாக அனுப்பும். அன்றைய கணக்கை மட்டும் அனுப்பினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். மருந்து திரும்பி வரும், பில் திருத்தப்படும், டாக்டர் சீட்டு எண் பிறகு சேர்க்கப்படும். எது மாறியது என்று தேடித் திருத்துவதை விட, பழையதைக் காலி செய்துவிட்டு மொத்தத்தையும் புதிதாக ஏற்றுவதுதான் எங்களுக்குச் சரிப்பட்டு வந்தது. ஒரு இரவுக்குச் சுமார் 85 லட்சம் ரெக்கார்டு.

ஆக, ஒரு டேபிளை முழுசாகக் காலி செய்வது எனக்கு ஆறு வருடமாக அன்றாட வேலை. அதற்கு நான் நம்பியிருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் ட்ரங்கேட் கமாண்ட், டேபிளை மொத்தமாகக் காலி செய்வதற்கென்றே இருப்பது. இத்தனை நாள் பயன்படுத்தியதில் அதன் நல்லதும் பார்த்தாயிற்று, அடியும் வாங்கியாயிற்று. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரையை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் நானும் எல்லோரையும் போல டெலிட்தான் போட்டேன். எந்த ரெக்கார்டு என்று குறிப்பிடும் வேர் (WHERE) கண்டிஷன் எதுவும் இல்லாமல், டேபிள் பெயரை மட்டும் கொடுத்து ஒரு டெலிட். ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்பித்தது, நான்கு மணிக்கும் முடியவில்லை. காரணம் தேடியதில் விஷயம் வேறெங்கோ இருந்தது. திரும்பி வந்த சரக்கு டேபிளிலிருந்து விற்பனை டேபிளுக்கு ஒரு ஃபாரின் கீ, அதாவது அதன் ரெக்கார்டு விற்பனையில் எதைச் சேர்ந்தது என்று சுட்டும் இணைப்பு. விற்பனையில் ஒரு ரெக்கார்டை அழிக்கும்போதெல்லாம், அதை யாராவது சுட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று போஸ்ட்கிரெஸ் அந்த இன்னொரு டேபிளில் போய்ப் பார்க்கும். அங்கே தேட வேண்டிய காலத்துக்கு (column, டேபிளின் நெடுவரிசை) நாங்கள் இண்டெக்ஸ் போடவில்லை, சட்டென்று தேடிக் கண்டுபிடிக்க உதவும் பட்டியல் அது. அப்படியானால் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் அந்த டேபிளை அடி முதல் நுனி வரை படிக்க வேண்டும். 85 லட்சம் முறை! ஃபாரின் கீ போட்டால் அதைச் சுட்டும் காலத்துக்கு போஸ்ட்கிரெஸ் தானாக இண்டெக்ஸ் போட்டுக் கொடுக்காது, நாம்தான் போட வேண்டும். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. இண்டெக்ஸ் போட்ட பிறகு அதே டெலிட் 11 நிமிடத்தில் முடிந்தது.

சரி, 11 நிமிடம் பரவாயில்லை என்று சில வாரம் ஓட்டினோம். அப்புறம் டிஸ்க் நிறைய ஆரம்பித்தது. டேபிளில் இருக்கும் ரெக்கார்டு எண்ணிக்கை மாறவே இல்லை, ஆனால் 2.6 ஜிபியாக இருந்த டேபிள் 5 ஜிபியைத் தாண்டிவிட்டது.

போஸ்ட்கிரெஸில் டெலிட் என்பது எதையும் உடனே தூக்கிப் போடுவதில்லை. ஒவ்வொரு ரெக்கார்டின் மேலும் 'இது இந்த ட்ரான்ஸாக்ஷனில் போய்விட்டது' என்று ஒரு குறி மட்டும் வைக்கும் (ட்ரான்ஸாக்ஷன் என்பது சேர்ந்தே நடக்க வேண்டிய வேலைகளின் தொகுப்பு; கமிட் செய்தால் அத்தனையும் நிலைக்கும், ரோல்பேக் செய்தால் அத்தனையும் ரத்து). ஏனென்றால் அதே நேரத்தில் வேறு யாராவது பழைய நிலையைப் படித்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு அது இன்னும் வேண்டும். பிறகு வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து, யாருக்கும் வேண்டாம் என்று உறுதியான இடங்களை மறுபடி பயன்படுத்தத் திறந்துவிடும். நாங்களோ டெலிட்டையும் புது ஏற்றத்தையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனில் செய்தோம். இடையில் வேக்யூம் எப்படி வரும்? பழைய 85 லட்சம் செத்துக் கிடக்க, அதன் பின்னாலேயே புது 85 லட்சம் போய் உட்கார்ந்தது. இண்டெக்ஸ்களும் அப்படியே வீங்கின.

பேரேடு எழுதும் கடைகளில் ஒரு கணக்கு முடிந்தால் அந்த வரியின் மேல் கோடு போடுவார்கள். டெலிட் அந்த மாதிரி, 85 லட்சம் வரிக்கும் உட்கார்ந்து கோடு போடுகிறது. ட்ரங்கேட் பழைய பேரேட்டைத் தொடுவதே இல்லை. புதிதாக ஒரு வெற்றுப் பேரேடு எடுத்து மேசையில் வைக்கும், கமிட் ஆனதும் பழையதைத் தூக்கிப் போடும். உள்ளே உண்மையில் நடப்பதும் இதுதான். டேபிளுக்கும் அதன் இண்டெக்ஸ்களுக்கும் டிஸ்கில் புதுக் காலி ஃபைல்கள் உருவாகும், டேபிள்களின் விவரத்தை டேட்டாபேஸ் வைத்திருக்கும் சிஸ்டம் கேட்டலாகில் 'இந்த டேபிளின் ஃபைல் இனி இது' என்று எண் மாறும். கமிட் ஆனதும் பழைய ஃபைல்கள் போய்விடும், அந்த நொடியே டிஸ்க் இடம் திரும்பக் கிடைக்கும். வேக்யூமுக்குக் காத்திருக்க வேண்டாம். ரெக்கார்டு எத்தனை இருந்தது என்பது நேரத்தைப் பெரிதாக மாற்றாது. 11 நிமிடம் எடுத்த வேலை எங்கள் சர்வரில் அரை நொடிக்கும் கீழே வந்தது. அன்று இரவு நான் மூன்று முறை திரும்பத் திரும்ப கவுண்ட் போட்டுப் பார்த்தேன், உண்மையிலேயே காலியாகிவிட்டதா என்று.

வேகத்தை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு ஒன்று.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மதியம். அந்த வாடிக்கையாளரின் நிஜ சர்வர். கடைகளின் பட்டியல் டேபிளை மாற்ற வேண்டும். மொத்தமே 63 ரெக்கார்டு. புது முகவரி, புது ஜிஎஸ்டி எண் எல்லாம் எக்செலில் வந்திருந்தது. அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த தம்பி உட்கார்ந்தான். நிஜ சர்வரில் கை வைத்தால் பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம், அதனால் நான் பக்கத்து நாற்காலியில். முதலில் பிகின் போட வைத்தேன். கமாண்ட் அடிக்கும் பிஎஸ்கியூஎல் திரையின் ப்ராம்ப்டில் சின்ன நட்சத்திரக் குறி வந்தது. ட்ரான்ஸாக்ஷன் திறந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அவன் ட்ரங்கேட் அடித்தான். மறுத்துவிட்டது: ஃபாரின் கீ இந்த டேபிளைச் சுட்டுகிறது, காலி செய்ய முடியாது. அதற்கடியில் ஒரு குறிப்பும் வரும். சுட்டும் டேபிளையும் சேர்த்து ட்ரங்கேட் செய், இல்லாவிட்டால் காஸ்கேட் பயன்படுத்து என்று சொல்லும் குறிப்பு.

மறுத்ததும் அந்த ட்ரான்ஸாக்ஷன் செல்லாமல் போய்விட்டது, அதனால் ரோல்பேக் போட்டு மறுபடி பிகின். தம்பி அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, நான் ஃபோனை எடுத்துப் பேசி முடிப்பதற்குள் காஸ்கேட் சேர்த்து என்டர் தட்டிவிட்டான். திரையில் வரிசையாக அறிவிப்புகள் ஓடின. பில், பில் வரி, ரசீது, ஸ்டாக் நகர்வு, கடன் கணக்கு என்று பதினான்கு டேபிள் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் 'ட்ரங்கேட் இதற்கும் பாய்கிறது' என்ற வரி.

"அக்கா, பில் டேபிள் பேரெல்லாம் வருது. சும்மா காட்டுதா, இல்ல நிஜமாவே போயிருச்சா?"

"கீபோர்டுல இருந்து கைய எடு."

நான் அவன் பக்கமாகச் சாய்ந்து பில் டேபிளில் கவுண்ட் போட்டேன். பூஜ்யம். ஏழு வருடத்துப் பில்கள். என் விரல் நடுங்கியது எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து ரோல்பேக் அடித்தேன். மறுபடி கவுண்ட். இந்த முறை எண் வர நேரம் எடுத்தது. அந்த நேரம் எடுத்ததே எனக்குப் போதுமான பதில், எண்ணுவதற்கு ஏதோ இருக்கிறது. ஒன்றரைக் கோடிக்கு மேல் காட்டியது, அத்தனையும் இருந்தது.

பழைய ஃபைல்கள் கமிட் வரை டிஸ்கிலேயே இருக்கும் என்று மேலே சொன்னேன் இல்லையா? அதனால்தான் ரோல்பேக் என்றதும் ஒரு ரெக்கார்டைக்கூடத் திரும்ப எழுத வேண்டியிருக்கவில்லை. கேட்டலாகில் பழைய எண்ணே நின்றது, புதுக் காலி ஃபைல்கள் கழிந்தன. நடுவில் கடைகளில் பில் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சுமார் அரை நிமிடம் திரை அசையாமல் நின்றிருக்கும். அவ்வளவுதான். அந்தப் பிழை தம்பியுடையது மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஃபோன் பேசியது நான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இதற்கு முந்தைய வேலையில் இதே மாதிரி ஒரு நாள் வேறு மாதிரி முடிந்தது. அங்கே இருந்த டேபிள், ட்ரங்கேட் போட்ட கணமே தானாகக் கமிட் ஆகிவிடும் வகை டேட்டாபேஸில் இருந்தது. அதன் ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, நாங்கள்தான் படிக்கவில்லை. ரோல்பேக் போட்டோம், பிழை எதுவும் வரவில்லை, தரவும் வரவில்லை. முந்தின இரவு பேக்கப்பை எடுத்து ஏற்றிவிட்டு, அன்றைய பில்களைக் காகிதப் பிரதி பார்த்து நான்கு பேர் விடிய விடிய டைப் செய்தோம்.

எந்த டேட்டாபேஸில் எப்படி என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள். மைஎஸ்கியூஎல்லிலும் ஆரக்கிளிலும் ட்ரங்கேட் என்பது டேபிளின் அமைப்பை மாற்றும் கமாண்ட் வகையைச் சேர்ந்தது, போட்டதும் கமிட், திரும்பப் பெற முடியாது. அதற்கு முன் அதே ட்ரான்ஸாக்ஷனில் நீங்கள் செய்த மற்ற வேலைகளும் சேர்ந்து கமிட் ஆகிவிடும், அதையும் மறக்க வேண்டாம். எஸ்கியூஎல் சர்வரில் ட்ரான்ஸாக்ஷனுக்குள் போட்டால் ரோல்பேக் செய்யலாம். எஸ்கியூஎல்லைட்டில் ட்ரங்கேட் என்ற கமாண்டே கிடையாது. வேர் இல்லாத டெலிட் போட்டால், டேபிளில் ட்ரிகர் (ஒரு கமாண்ட் வந்தால் தானாக ஓடும் நிரல்) இல்லாத பட்சத்தில், அதுவே ஒவ்வொரு ரெக்கார்டாகத் தொடாமல் மொத்தமாகக் காலி செய்யும் வழியை எடுத்துக்கொள்ளும். ஃபைல் அளவு குறைய வேண்டுமானால் வேக்யூம் தனியாகப் போட வேண்டும். ட்ரங்கேட் எஸ்கியூஎல் தரநிலைக்குள் வந்ததே 2008ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். அதனால் ஆளுக்கு ஒரு வழக்கம் அதற்கு முன்பே ஊறிப்போயிருந்தது.

இப்போது நான் பிடித்துக்கொண்ட அரை மதிப்பெண். அது முழுக்க காஸ்கேட்டுக்கானது. காஸ்கேட் என்றதும் பலர், சுட்டும் ரெக்கார்டுகள் மட்டும் போகும் என்று நினைக்கிறார்கள். இல்லை. சுட்டும் டேபிள் முழுசாகப் போகும். அதில் ஃபாரின் கீ காலம் காலியாக இருக்கும் ரெக்கார்டும் சேர்ந்து போகும். ஃபாரின் கீயில் 'அழித்தால் நல் (NULL, காலி மதிப்பு) ஆக்கு' என்று நீங்கள் எழுதி வைத்திருந்தாலும் ட்ரங்கேட் அதைப் பார்க்காது. அது டெலிட்டுக்கான விதி. அந்த டேபிளைச் சுட்டும் டேபிள், அதைச் சுட்டும் டேபிள் என்று சங்கிலி போய்க்கொண்டே இருக்கும். இவ்வளவு பெரிய கத்தியை, மறுக்கும் செய்தியின் அடியில் ஒரு சாதாரண யோசனை மாதிரி நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவசரத்தில் இருப்பவன் குறிப்பைத்தான் படிப்பான். காலி செய்ய வேண்டிய டேபிள் பெயர்களை எல்லாம் கமா போட்டு ஒரே கமாண்டில் எழுதலாம், காஸ்கேட்டே வேண்டாம். நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரு பெயர் விட்டுப்போனால் மறுக்கும், அந்த மறுப்பு எனக்கு வேண்டும்.

அந்த மதியத்துக்குப் பிறகு பில் டேபிளில் ஒரு ட்ரிகர் வைத்தோம். டெலிட்டுக்கான ட்ரிகர் ட்ரங்கேட்டில் ஓடாது, ஆனால் ட்ரங்கேட்டுக்கென்றே தனி ட்ரிகர் 8.4ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. காஸ்கேட் வழியாக வந்தாலும் அது ஓடும். எங்கள் ட்ரிகர் ஒன்றே ஒன்றுதான் செய்யும்: பிழை எழுப்பி மொத்தக் கமாண்டையும் நிறுத்திவிடும். அதே 8.4இல்தான் ட்ரங்கேட்டுக்கு டெலிட்டிலிருந்து பிரித்துத் தனி உரிமையும் வந்தது. எங்கள் பில்லிங் யூசருக்கு டெலிட் உரிமை உண்டு, ட்ரங்கேட் கிடையாது. இரவு ஏற்றம் செய்யும் யூசருக்கு மட்டும், அதுவும் இரண்டு மூன்று டேபிளில் மட்டும்.

லாக் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

ட்ரங்கேட் அந்த டேபிளில் இருப்பதிலேயே கடுமையான லாக்கை எடுக்கும். யாரும் எழுத முடியாது, படிக்கவும் முடியாது. அரை நொடி வேலைதானே என்று தோன்றும். வேலை அரை நொடிதான், லாக் கிடைக்கக் காத்திருக்கும் நேரம் அரை நொடி இல்லை. ஒரு இரவு பேக்கப் வழக்கத்தை விட மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பேக்கப் எடுக்கும் பிஜிடம்ப் எல்லா டேபிளிலும் ஒரு மெல்லிய லாக்கை முடியும் வரை பிடித்திருக்கும், படிப்பவர்களை அது தடுக்காது. ஆனால் ட்ரங்கேட்டைத் தடுக்கும். இரண்டு மணிக்கு என் ட்ரங்கேட் வந்து வரிசையில் நின்றது. அதற்குப் பிறகு டேபிளைப் படிக்க வந்த ஒவ்வொரு செலக்ட்டும் ட்ரங்கேட்டுக்குப் பின்னால் போய் நின்றது. ட்ரங்கேட் இன்னும் ஒன்றும் செய்யவில்லை, காத்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் அதன் பின்னால் எல்லோரும் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரி எதிரில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் கடைகள் மூன்று உண்டு. அவர்களின் பில் திரை, போன முறை விற்ற விலையைக் காட்ட இந்த டேபிளைத்தான் படிக்கும். 11 நிமிடம் பில் போட முடியாமல் நின்றது. நடுராத்திரியில் மருந்து வாங்க வருகிறவர் எந்த நிலையில் வருவார் என்று உங்களுக்குத் தெரியும். கடைக்காரர்கள் சீட்டில் கையால் எழுதி மருந்து கொடுத்திருக்கிறார்கள். காலையில் அதைக் கேட்டபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது ட்ரங்கேட்டுக்கு முந்தைய வரியில் லாக் டைம்அவுட் மூன்று நொடி என்று வைக்கிறேன். 9.3இலிருந்து இருக்கும் வசதி. மூன்று நொடியில் லாக் கிடைக்காவிட்டால் கமாண்ட் தோற்றுப்போகும், வரிசை கலையும், ஒரு நிமிடம் கழித்து ஸ்க்ரிப்ட் மறுபடி முயற்சி செய்யும். ட்ரங்கேட்டைப் பயன்படுத்துகிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

லாக் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி இருக்கிறது. காலி செய்வதையும் ஏற்றுவதையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனில் வைத்தால், ஏற்றி முடிக்கும் நான்கு நிமிடமும் யாரும் படிக்க முடியாது. தனித்தனியாகக் கமிட் செய்தால், அந்த நான்கு நிமிடமும் எல்லோருக்கும் டேபிள் காலியாகத் தெரியும். இந்த இடத்தில் டெலிட் ஜெயிக்கிறது. டெலிட்டும் புது ஏற்றமும் நடக்க நடக்க, படிப்பவர்கள் கமிட் வரை பழைய தரவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். டேபிள் சிறியதாக இருந்து, படிப்பவர்கள் ஓயாமல் இருந்தால் நான் யோசிக்காமல் டெலிட்தான் சொல்வேன்.

எங்களுடையது பெரியது, அதனால் ஒரே அமைப்பில் இரண்டு டேபிள் வைத்தோம். ஒன்று கடைகள் பார்ப்பது, மற்றது காத்திருப்பது. காத்திருப்பதை ட்ரங்கேட் செய்து கமிட் செய்வோம். முதலிலேயே கமிட் செய்வதற்குக் காரணம், பழைய ஃபைல் போய் டிஸ்க் இடம் கிடைத்த பிறகு ஏற்றம் ஆரம்பிக்கட்டும் என்பது. ஏற்றி முடிந்ததும் இரண்டுக்கும் பெயரை மாற்றிக்கொள்வோம், அது கண் இமைக்கும் நேரம். ஒரு சிக்கல்: ஃபாரின் கீ பெயரைப் பின்தொடராது, டேபிளையே பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் திரும்பி வந்த சரக்கு டேபிளுக்கும் ஒரு ஜோடி வைத்து, அதையும் சேர்த்தே காலி செய்து சேர்த்தே மாற்றுகிறோம்.

இவ்வளவு செய்தும் ஒரு மாதக் கடைசியில் மாட்டினேன். கணக்குப் பிரிவின் மாத அறிக்கை, கொள்முதல் முழுசாக, விற்பனை பூஜ்யம் என்று வந்தது. அந்த அறிக்கை ரிப்பீட்டபிள் ரீட் முறையில் ஓடும், அதாவது ஆரம்பித்த நேரத்து நிலையே கடைசி வரை தெரிய வேண்டும். இரண்டு மணிக்கு முன்பு ஆரம்பித்து, முதலில் கொள்முதல் டேபிள்களைப் படித்திருக்கிறது. விற்பனைக்கு வருவதற்குள் என் ஏற்றமும் பெயர் மாற்றமும் முடிந்துவிட்டன. புது ரெக்கார்டுகள் அறிக்கை ஆரம்பித்த பிறகு வந்தவை, அதன் கண்ணுக்குத் தெரியாது. அந்த டேபிளில் முன்பு இருந்தவை ட்ரங்கேட்டில் ஃபைலோடு போய்விட்டன. மிச்சம் பூஜ்யம். ட்ரங்கேட், பழைய ஸ்னாப்ஷாட்டில், அதாவது ஆரம்பித்த நேரத்து நிலையில், இருப்பவர்களுக்காக எதையும் விட்டு வைக்காது என்று போஸ்ட்கிரெஸ் ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. டெலிட்டாக இருந்தால் இது நடந்திருக்காது. இப்போது அறிக்கையின் முதல் வேலையாக, எதையும் படிப்பதற்கு முன்பே, விற்பனை டேபிளில் படிப்பதற்கான மெல்லிய லாக்கை எடுக்கச் செய்திருக்கிறேன். அறிக்கை முடியும் வரை பெயர் மாற்றம் காத்திருக்கும்.

ஐடி எண்களைப் பற்றி ஒரு கணக்கு. ட்ரங்கேட் வழக்கமாக ஐடி எண்களை வரிசையாகக் கொடுக்கும் செக்வென்ஸைத் தொடாது, அடுத்த எண் விட்ட இடத்திலிருந்து போகும். எங்கள் ஐடி காலம் ஆரம்பத்தில் சாதாரண இன்டிஜர், உச்சம் 214 கோடியே 74 லட்சம் சொச்சம். இரவுக்கு 85 லட்சம் என்று வைத்தால் 252 இரவில் தீர்ந்துவிடும். நல்ல வேளையாக அதற்கு முன்பே எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்துவிட்டார். கமாண்டின் கடைசியில் ரீஸ்டார்ட் ஐடென்டிட்டி என்று சேர்த்தால் எண் முதலிலிருந்து ஆரம்பிக்கும். 9.1இலிருந்து அதுவும் ட்ரான்ஸாக்ஷனோடு கட்டுப்பட்டது, ரோல்பேக் செய்தால் எண்ணும் பழைய இடத்துக்கு வரும். ஆனால் இந்த ஐடியை வேறு எந்த சிஸ்டமாவது ஞாபகம் வைத்திருந்தால் எண்ணைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், காலத்தை இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் பிக்இன்ட்டாக மாற்றுங்கள்.

டெஸ்ட் எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. ஒவ்வொரு டெஸ்ட்டுக்குப் பிறகும் 47 டேபிளையும் ட்ரங்கேட் செய்து ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றிலும் ஐந்தோ பத்தோ ரெக்கார்டு. 600 டெஸ்ட்டுக்குக் காலி செய்வதில் மட்டும் நான்கு நிமிடம் போனது. காலி டேபிளானாலும் ட்ரங்கேட் டேபிளுக்கும் ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும் ஃபைல் வேலை செய்தே ஆக வேண்டும். பத்து ரெக்கார்டுக்கு டெலிட் அதைவிட வேகம். அதையும் விட நல்லது, டெஸ்ட்டை ஒரு ட்ரான்ஸாக்ஷனுக்குள் ஓட்டிக் கடைசியில் ரோல்பேக் செய்வது. பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவின் சாதாரண டெஸ்ட்கேஸ் அதைத்தான் செய்கிறது. நாங்கள் அந்த வழிக்கு மாறிவிட்டோம்.

கடைசியாக ஒரு குறை. டெலிட் முடிந்ததும் இத்தனை ரெக்கார்டு போனது என்று எண் சொல்லும். ட்ரங்கேட் தன் பெயரை மட்டும் சொல்லும். எண்ணாததால்தான் அதற்கு அந்த வேகம், புரிகிறது. ஆனால் எனக்கு அந்த எண் வேண்டியிருந்தது. அதனால் காத்திருக்கும் டேபிளில் ட்ரங்கேட்டுக்கு முந்தைய ட்ரிகர் ஒன்று வைத்து, கவுண்ட் எடுத்து, தேதியோடு ஒரு பதிவு டேபிளில் எழுதச் செய்தேன். எண்ணும் சில நொடிகளும் லாக் பிடித்திருக்கும். அந்த டேபிளை அப்போது யாரும் படிப்பதில்லை என்பதால் பரவாயில்லை.

போன மாதம் ஒரு அதிகாலை அந்தப் பதிவைத் திறந்தபோது, 85 லட்சத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இடத்தில் 0 என்று இருந்தது. முந்தின இரவு ஏற்றம் நடக்கவே இல்லை, காலியாக இருந்ததையே மறுபடி காலி செய்திருக்கிறோம். அன்றைய ஏற்றமும் பாதியில் நின்றிருந்தது. ஒரு கடையின் ஃபைலில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் மருந்தின் பெயர். பெயர் மாற்றம் நடக்காததால் 63 கடைகளும் இரண்டு நாள் பழைய தரவைப் பார்த்துக்கொண்டிருந்தன, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த வரியைச் சரிசெய்து ஆறு மணிக்கு ஏற்றத்தை மறுபடி ஓட்டினேன். கடைகள் ஷட்டர் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது.